சாலையைக் கடந்தவர் மீதே தவறு என்கிறார்கள்: இழப்பீடு கேட்க முடியுமா?

கொங்குத்தறி:
என் சித்தப்பா தையல்காரர், வயது 54. சென்ற மாதம் பெருந்துறைக்கு அருகே நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி, மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார். இரவு எட்டு மணி இருக்கும். பேருந்து நிறுத்தம் எதிர்ப்புறம் இருக்கிறது. அந்த இடத்தில் வரிக்குதிரைக் கோடும் இல்லை, சிக்னலும் இல்லை. மையத் தடுப்பில் ஓர் இடைவெளி உண்டு, ஊர்க்காரர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் கடப்பார்கள்.

காரை ஓட்டியவர் உரிமையாளரின் அக்கா மகன். அவர்கள் வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். "கடக்கக்கூடாத இடத்தில் கடந்தார், சட்டப்படி எங்கள் மீது தவறு இல்லை, மனிதாபிமானத்தில் 50,000 தருகிறோம், ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். காவல் நிலையத்தில் ஏட்டும் "கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும்" என்கிறார். சித்தி குழம்பிப் போயிருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பிளஸ் டூ. அப்பத்தாவும் அவர்களோடுதான் இருக்கிறார்.

சாலையைத் தவறான இடத்தில் கடந்தால் இழப்பீடே கிடையாது என்பது உண்மையா?

ஸ்டியரிங் மணி:
முதலில் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன், ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்தச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது இருட்டில் இடைவெளியிலிருந்து ஒருவர் இறங்கினால் பிரேக் எந்த அளவுக்குப் பிடிக்கும்? மோதிய மறுநிமிடமே கார்க்காரன் குற்றவாளி என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. பெரிய வண்டி எப்போதும் தப்பு, சிறிய வண்டி எப்போதும் சரி. இதற்குச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது?

பாதசாரி:
மணி அண்ணா, ஓர் ஊரை இரண்டாகப் பிளந்து நடுவில் நான்குவழிச் சாலை போட்டுவிட்டு, கடக்க வழி வைக்காமல், கடந்தவன் மீது பழி போடுவது நன்றாக இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண்ணிக்கை இது. இத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்களா?

மன்றவாசல்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். நான் ஈரோடு, கோவைப் பக்கம் விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்.

கொங்குத்தறி, முதலில் அந்த ஸ்டாம்பு பேப்பரில் சித்தி கையெழுத்துப் போடக்கூடாது. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

இங்கே இரண்டு தனித்தனி வழக்குகள் இருக்கின்றன. ஒன்று காவல்துறை நடத்தும் குற்ற வழக்கு. விபத்து நடந்த அன்று இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 125 (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது) ஆகிய பிரிவுகளில் பதிந்திருப்பார்கள். அவர் இறந்த பிறகு 106(1) பிரிவுக்கு (கவனக்குறைவால் மரணம் விளைவித்தது) மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். அது நடந்ததா என்று கேளுங்கள். 106(1)-இல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பழைய இ.பி.கோ. 304ஏ-இல் இரண்டு ஆண்டுதான் இருந்தது. இந்தக் குற்றம் சமரசத்துக்கு உரியது அல்ல. நீங்கள் 50,000 வாங்கினாலும் ஐம்பது லட்சம் வாங்கினாலும் காவல் நிலையத்தில் வைத்து அதை முடிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஏட்டுக்கு இது தெரியாமல் இருக்காது.

இரண்டாவது, இழப்பீட்டு வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. எதிர்மனுதாரர்கள் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம். பணம் கொடுக்கப்போவது நடைமுறையில் காப்பீட்டு நிறுவனம்தான். வீட்டுக்கு வந்த பெரியவர்களின் பையிலிருந்து ஒரு ரூபாயும் போகாத வழக்குக்கு அவர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்று யோசியுங்கள். பையன் மீதான குற்ற வழக்குதான் கவலை. அல்லது அவனிடம் உரிமமே இல்லாமல் இருக்கலாம்.

"கடக்கக்கூடாத இடத்தில் கடந்தார்" என்பதற்கு வருகிறேன். அது மனுவைத் தள்ளுபடி செய்யும் காரணம் அல்ல. இறந்தவருக்கும் விபத்தில் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் கண்டால், அந்தப் பங்கை மட்டும் சதவீதமாகக் கழிக்கும். இதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்கிறோம். அதை நிரூபிக்கும் பொறுப்பு, அப்படிச் சொல்கிறவருடையது. ஓட்டுநர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாவிட்டால் அந்த வாதம் பெரும்பாலும் படுத்துவிடும். குற்ற வழக்கு பாதிக்கும் என்ற பயத்தில் ஓட்டுநர்கள் கூண்டுக்கு வருவதே அரிது.

மணிக்கும் பதில். "பெரிய வண்டி எப்போதும் தப்பு" என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆனால் குடியிருப்பு உள்ள இடம், பேருந்து நிறுத்தம், இருட்டு மூன்றும் சேர்ந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது ஓட்டுநரின் கடமை. சாலையில் எழுதியிருக்கும் வேக வரம்பு அதிகபட்சம். அந்த வேகத்தில்தான் போக வேண்டும் என்பது அதன் பொருள் இல்லை.

கொங்குத்தறி:
நன்றி ஐயா. எஃப்.ஐ.ஆர். நகல் இப்போதுதான் பார்த்தேன். புகார் கொடுத்தவர் காரில் உடன் வந்த நண்பர்! "பாதசாரி இருபுறமும் கவனிக்காமல் திடீரென ஓடிவந்ததால்" என்று எழுதியிருக்கிறது. சித்தப்பாவுக்கு மூட்டு வலி, அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. எஃப்.ஐ.ஆரே இப்படி இருந்தால் எல்லாம் முடிந்ததா?

பாலிசிக்காரர்:
தம்பி, நான் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தவன். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் மூன்றாம் நபர் கோரிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நாங்கள் கோப்பை எப்படிப் படிப்போம் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். உங்களுக்கு எதிராக இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், அது உண்மை. ஆனால் அது முதல் தகவல் மட்டுமே, சாட்சியம் ஆகாது. அடுத்து நாங்கள் தேடுவது பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு) சம்பவ இட வரைபடமும். கார் எந்தப் பக்கம் நின்றது, டயர் தேய்ந்த தடம் எவ்வளவு நீளம், உடல் எங்கே கிடந்தது, இவை அதில் இருக்கும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. காரின் முன்பக்கம் எங்கே நசுங்கியது? இடது ஓரத்தில் நசுங்கியிருந்தால், உங்கள் சித்தப்பா சாலையை ஏறக்குறையக் கடந்து முடித்திருக்கிறார் என்று பொருள். "திடீரென இறங்கினார்" என்ற கதை அங்கேயே உடையும். கண்ணாடியில் தலை மோதியிருந்தால் வேகத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இன்றே இரண்டு வேலை. அருகில் பெட்ரோல் பங்க், டீக்கடை, லாட்ஜ் எதிலாவது சிசிடிவி இருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஒருவேளை யாராவது செல்பேசியில் எடுத்து வைத்திருக்கலாம். இரண்டாவது, நேரில் பார்த்தவர் ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். கேஸுக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் பார்த்தவர்கள் ஒதுங்குவார்கள்.

மன்றவாசல்:
பாலிசிக்காரர் சொன்னது முழுக்கச் சரி. கூடவே சித்தி பெயரில் தனியாக ஒரு எழுத்துப்பூர்வப் புகார் கொடுங்கள்: காரில் வந்தவரின் புகாரை மட்டும் வைத்து விசாரிக்காமல் எங்கள் சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும் என்று. காவல் ஆய்வாளர் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டை பத்திரம்.

இன்னொன்று. தீர்ப்பாயத்தில் நிரூபணத்தின் அளவுகோல் குற்ற வழக்கைப் போலக் கடுமையானது அல்ல. சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டாம். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீடு கிடைத்த வழக்குகள் ஏராளம்.

நிலாமுற்றம்:
ஓட்டுநர் நிற்காமல் போயிருந்தால் பத்து வருடம் ஜெயில் என்று புதுச் சட்டம் வந்ததே, அது இங்கே வராதா?

மன்றவாசல்:
அது 106(2). இடித்துவிட்டுக் காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை. லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஜூலை 1-ஆம் தேதி சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்டியரிங் மணி:
நின்றால் கூட்டம் அடிக்கிறது, ஓடினால் சட்டம் அடிக்கிறது. எங்கள் நிலைமை அதுதான். போன வருடம் நண்பர் ஒருவரின் வண்டியை அடித்து நொறுக்கினார்கள். அவர் இடித்ததே இல்லை, இடிபட்டவரைத் தூக்க நின்றவர்.

மன்றவாசல்:
மணி, இதைச் சட்டம் யோசித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134-ஐப் படியுங்கள். காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், கூட்டத்தின் ஆவேசத்தாலோ தன் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் தவிர. அந்த விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து நகர்ந்து, 108-க்கு அழைத்து, பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தால் நீங்கள் தப்பி ஓடியவர் ஆகமாட்டீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் நண்பரைப் போல உதவ நிற்பவர்களுக்கு 134ஏ பாதுகாப்புத் தருகிறது. பெயர், முகவரி சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்லவும் முடியாது. உச்ச நீதிமன்றம் 2016-லேயே இதற்கான நெறிமுறைகளை ஏற்றது.

பாதசாரி:
சட்டம் எல்லாம் ஏட்டில் அழகாகத்தான் இருக்கிறது. சாலை போட்டவர்கள் மீது ஏன் யாரும் வழக்குப் போடுவதில்லை? மையத் தடுப்பில் ஓட்டை வைத்தது யார்? எங்கள் ஊர் நடைபாதையில் இளநீர்க் கடை, டிரான்ஸ்பார்மர், ஹெல்மெட் கடை, அதற்கு மேல் கட்சிக் கொடிக்கம்பம். நடக்கிறவன் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் "கவனக்குறைவு".

மன்றவாசல்:
மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. சாலையை வடிவமைப்பவர், கட்டுபவர், பராமரிப்பவர் தரத்தைப் பின்பற்றாததால் உயிர்ச்சேதம் ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கோடிக்கணக்கில் ஒப்பந்தம் எடுப்பவருக்கு ஒரு லட்சம்! அதையும் யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் கோபத்துக்கு ஒரு துணை இருக்கிறது, அதுவும் கோவையிலிருந்து. எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில்தான் 2025 மே மாதம், ஆக்கிரமிப்பு இல்லாத நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் (வாழும் உரிமை) அடங்கிய உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊர் இளநீர்க் கடை அதைப் படித்ததா என்பது வேறு விஷயம்.

கொங்குத்தறி:
ஒரு தகவல். பெட்ரோல் பங்கில் சிசிடிவி பதிவு இல்லை. ஆனால் எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர் பார்த்திருக்கிறார், சாட்சி சொல்லச் சம்மதித்துவிட்டார். வாகன ஆய்வாளர் அறிக்கையில் "இடது முன்பக்க பம்பர், இடது முகப்பு விளக்கு சேதம்" என்று இருக்கிறது.

இதற்கிடையே காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் 5 லட்சம் உடனே வாங்கித் தருகிறேன், வழக்கே வேண்டாம் என்கிறார். சித்திக்கு ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?

பாலிசிக்காரர்:
இடது பக்கமா! சித்தப்பா சாலையின் இடது ஓரத்தை எட்டியிருக்கிறார். மையத் தடுப்பிலிருந்து இறங்கியவர் என்றால் காரின் முன்னால் முழு அகலத்தையும் கடந்திருக்கிறார். ஓட்டுநருக்குப் பார்க்க நேரம் இருந்தது. இதை வழக்கறிஞரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

5 லட்சம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 164. தவறை நிரூபிக்க வேண்டாத இழப்பீடு: இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பொல்லாத திட்டம் அல்ல. தவறு முழுக்கப் பாதசாரியுடையது என்று உறுதியாகத் தெரிந்த வழக்குகளில் அது வரப்பிரசாதம். ஆனால் அதை வாங்கினால் 166 மனு காலாவதியாகிவிடும். கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவின் வருமானம் எவ்வளவு? நிரூபிக்க ஏதாவது இருக்கிறதா?

கொங்குத்தறி:
மாதம் பதினைந்தாயிரம் வரும். வங்கிக் கணக்கில் ஓரளவு தெரியும். தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது.

மன்றவாசல்:
நல வாரிய அட்டை நல்ல ஆதாரம். வாரியத்திலும் விபத்து மரண உதவிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், அது இதைப் பாதிக்காது.

கணக்கு இப்படிப் போகும். உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும், அரசியல் சாசன அமர்வின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பும் வகுத்த வழி. மாதம் 15,000. சொந்தத் தொழில், வயது 50-க்கு மேல் 60-க்குள் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 10 சதவீதம் கூட்டினால் 16,500. சார்ந்திருப்போர் நால்வர் (சித்தி, இரு பிள்ளைகள், அப்பத்தா), ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிந்து 12,375. ஆண்டுக்கு 1,48,500. 51 முதல் 55 வயதுக்குப் பெருக்கல் எண் 11. ஆக 16,33,500.

இதன் மேல் துணையை, தந்தையை, மகனை இழந்ததற்கு ஆளுக்கு 40,000, ஈமச்சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் தலா 15,000. இவை 2017 தொகைகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும் என்று அதே தீர்ப்பு சொல்வதால் இப்போது 48,400, 18,150 என்று போடுகிறோம். எல்லாம் சேர்த்தால் 18,63,400 ரூபாய். மூன்று நாள் மருத்துவச் செலவு ரசீது இருந்தால் அது தனி. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

தீர்ப்பாயம் உங்கள் சித்தப்பா மீது 20 சதவீதம் தவறு என்று வைத்தாலும் 14,90,720. பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் ஒன்பது லட்சத்துக்கு மேல். வருமானத்தை 15,000-க்குக் குறைவாக எடுக்க வாய்ப்பு இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். இப்போது 5 லட்சத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்யலாம்.

நிலாமுற்றம்:
என் அம்மாவும் இப்படித்தான் அடிபட்டார், வீட்டு வேலைதான். வருமானமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மன்றவாசல்:
சொன்னவர் யார்? இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் மீண்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஊனம் என்றால் மருத்துவக் குழுவின் சான்றிதழ் வாங்குங்கள். கணக்கு ஊனத்தின் சதவீதத்தோடு நிற்பதில்லை, அந்த ஊனம் அவருடைய வேலையை எவ்வளவு பாதித்தது என்று பார்ப்பார்கள். விபத்து எப்போது நடந்தது? 166(3)-இன்படி ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்தக் காலவரம்பை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கொங்குத்தறி:
கடைசிச் சந்தேகம். பையனிடம் பழகுநர் உரிமம் மட்டும்தான் இருந்ததாம், பக்கத்தில் உரிமம் உள்ளவர் யாரும் இல்லை. அதனால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடுமா?

பாலிசிக்காரர்:
ஆக, பெரியவர்கள் பதறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

நிறுவனம் கைவிரிக்கத்தான் பார்க்கும். நானே எத்தனையோ கோப்பில் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் 2004 ஸ்வரண் சிங் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றங்கள் பொதுவாக எடுக்கும் வழி ஒன்று உண்டு. நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பணம் வரும். அடி உரிமையாளருக்கு. அக்கா மகனிடம் சாவியைக் கொடுத்ததற்கு அவர் வீட்டை விற்க நேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. அவர் இன்னும் பல முறை உங்கள் வீட்டுக்கு வருவார். அந்த அக்கா மகன் 18 வயது ஆகாதவனாக இருந்திருந்தால் 199ஏ பிரிவில் உரிமையாளருக்கே மூன்றாண்டுச் சிறை வரை போயிருக்கும்.

மன்றவாசல்:
ஆவணங்களைத் திரட்டிக்கொண்டு ஈரோட்டிலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், மனுவை நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். வாரிசுச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், ஆய்வாளர் அறிக்கை, வாரிய அட்டை போதும், மற்றதை அவர் கேட்டு வாங்குவார். வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுபவரிடம் போகாதீர்கள், வழக்கறிஞர் மன்ற விதி அதை அனுமதிப்பதில்லை. மருத்துவமனை வாசலில் கார்டு கொடுத்த ஆளிடம் அறவே வேண்டாம். கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. மகனுக்கு 18 ஆகவில்லை என்றால் அவன் பங்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும், சித்தியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஸ்டியரிங் மணி:
இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போன ஆண்டு என் பழைய காரை ஒருவருக்கு விற்றேன். பணம் வாங்கியாகிவிட்டது, ஆர்.சி. புத்தகம் இன்னும் என் பெயரில்தான். அவர் யாரையாவது இடித்தால்?

பாலிசிக்காரர்:
நீங்கள்தான் உரிமையாளர். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது, ஆனாலும் மாட்டியவர் முதலில் விற்றவர்தான். வாங்கியவரை உடனே பிடித்துப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் மாறும் வரை அந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஓடுகிறதா என்று நீங்களே பாருங்கள். ஓடவில்லை என்றால் உங்கள் கைக்காசைப் போட்டாவது புதுப்பியுங்கள்.

ஸ்டியரிங் மணி:
வாங்கியவர் போனை எடுக்கமாட்டேன் என்கிறார்.

பாலிசிக்காரர்:
அப்படியானால் விற்றதற்கான ரசீதோடு நாளைக் காலையே போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டு, அவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.